மடக்குக் கத்தியில் எந்த வகை லாக் பாதுகாப்பானது?

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. கையில் இருந்த பேனாக்கத்தியின் முனையைத் தோலில் வைத்து அழுத்தினேன். அலகு பட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். கத்தியின் மேல் பிழையில்லை, அதில் லாக்கே, அதாவது திறந்த அலகு மடங்காமல் பூட்டி வைக்கும் அமைப்பே, கிடையாது. பிடியின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைத்திருந்தது. ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். ஸ்விஸ் ராணுவக் கத்தியின் சிறிய வகைகள் எல்லாம் இந்த ரகம். பென்சில் சீவ, கயிறு அறுக்க, பழம் நறுக்க இதுவே போதும். குத்தக் கூடாது, அவ்வளவுதான். (ஓட்டை போடக் குத்தூசி என்று ஒன்று இருக்கிறது!)

அதற்குப் பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும், மடக்கும்போது என் விரல் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். லாக் எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அப்புறம்.

லாக்பேக் என்ற வகையில் பிடியின் முதுகுப் பக்கம் ஒரு நீளச் சட்டம் இருக்கும். அதன் கொக்கி அலகின் அடிப்பகுதியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். சட்டத்தை அழுத்தினால் கொக்கி எழும்பும். 1964இல் வந்த பக் 110 என்ற கத்தி இதைப் பரவலாக்கியது. உறுதியானது, ஆனால் நிதானமாக மடக்க இரண்டு கையும் வேண்டும்.

அடுத்த வகையான லைனர் லாக்கில்தான் கவனம் தேவை. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு பகுதியை நாக்குப் போல வெட்டி, உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்த நாக்கு அலகின் அடியில் போய் முட்டுக் கொடுக்கும். இன்று நாம் பார்க்கும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் கத்தி செய்யும் கலைஞர் மைக்கேல் வாக்கர். மடக்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் நாக்கை ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் விரல் அலகு வரும் வழியிலேயே இருக்கும்! அலகு கொஞ்சம் நகர்ந்ததும் விரலை எடுத்துவிட்டு, மீதியை மடக்க வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு இன்னும் சிரமம், பெரும்பாலானவை வலக்கைக்காகச் செய்யப்பட்டவை. சட்டைப்பையின் தூசி சேர்ந்தாலும் நாக்கு சரியாக உட்காராது. ஃப்ரேம் லாக் இதன் தடித்த அண்ணன்: பிடியின் ஒரு பக்கமே நாக்காக வேலை செய்யும், இறுக்கிப் பிடித்தால் நம் விரல்களே அதை அழுத்திக்கொடுக்கும்.

1998இல் பெஞ்ச்மேட் என்ற கத்தி நிறுவனம் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில் ஒரு குறுக்குக் கம்பி அலகை நிறுத்துகிறது. கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் மடங்கும், விரல் வழியில் வராது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். கம்பியைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்குகள் உடையலாம் என்பது ஒரு குறை.

எனக்குப் பிடித்தது பிரான்ஸ் நாட்டு ஒபினெல் கத்திதான். ஜோசப் ஒபினெல் 1890இல் செய்த கத்திக்கு 1955இல் ஒரு வளையம் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். உடைய அதில் என்ன இருக்கிறது? நனைந்தால் மரப்பிடி ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும்.

வாங்கும் முன் திறந்து, பூட்டி, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு, விரல்களை வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மெதுவாக அழுத்துங்கள். நழுவினால் வேண்டாம். சிலர் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துச் சோதிப்பார்கள். நல்ல லாக்கையும் கெடுக்கும் வேலை அது.