எரிச்சலூட்டும் ஆட்களோடு தினமும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மனநிலை கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

நல்ல மனநிலையோடு இருப்பது என்றால் அந்த ஆளை உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரித்த முகமாக வலம் வருவதும் அல்ல. பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் முயன்று பார்க்கிறார்கள். சில வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது, அப்புறம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெடித்துவிடுகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. உணர்ச்சிகளை மனிதர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் அவரோடு பணியாற்றியவர்களும் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, வந்துவிட்ட கோபத்தை முகத்தில் தெரியாமல் அடக்குவது. மற்றொன்று, கோபம் முற்றுவதற்கு முன்பே நடந்ததை வேறு விதமாகப் புரிந்துகொள்வது. அடக்கும்போது உள்ளே இருக்கும் எரிச்சல் குறைவதில்லை, உடம்பின் படபடப்புதான் கூடுகிறது. அந்த நேரத்தில் பேசப்பட்டது மனதில் பதிவதும் குறைகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் கடைசியில் என்ன முடிவானது என்று நினைவில்லாமல் போவது இதனால்தான். ஆகவே உழைப்பைப் போட வேண்டியது முகத்தில் அல்ல, நடந்ததை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்.

அங்கேதான் நாம் வழக்கமாகச் சறுக்குகிறோம். ஒருவர் கடுகடுவென்று பேசினால் 'அவர் குணமே அப்படி' என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாமே கடுகடுத்தால் 'இன்று வேலை அதிகம்' என்கிறோம். மற்றவர் செயலுக்கு அவருடைய குணத்தையே காரணமாக்கி, சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடும் இந்தப் போக்கை லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் 'அடிப்படைப் பிழை' என்றே குறிப்பிட்டார். குணம் என்று முத்திரை குத்திவிட்டால் நம்மால் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சாது. யாருடைய குணத்தையும் நாம் மாற்றிவிட முடியாது.

இதற்கு நான் முதலில் சொல்வது ஒரு எழுத்துப் பயிற்சி. இரண்டு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த நபரோடு உரசல் வந்த அன்று, கேமராவில் பதிவாகியிருக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். 'திமிராகப் பேசினார்' என்பது கேமராவில் பதிவாகாது. 'நான் பேசும்போது இரண்டு முறை குறுக்கிட்டார். ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் கூட்டுத்தொகை தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கூட்டுத்தொகை தவறுதான்' என்பது பதிவாகும். இப்போது பாருங்கள், 'திமிர்' என்ற ஒரே மூட்டையாக இருந்தது மூன்றாகப் பிரிந்துவிட்டது. குறுக்கிட்டது அவரிடம் பேச வேண்டிய விஷயம். எல்லோர் முன்னாலும் சொன்னது இன்னொரு விஷயம். கூட்டுத்தொகை நீங்கள் திருத்த வேண்டியது. பக்கத்திலேயே நேரத்தையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் மட்டும் வருகிறதா, மேலதிகாரி அறையில் இருக்கும்போது மட்டும் வருகிறதா, தாமதத்தைக் கடைசி நிமிடத்தில் சொன்னால் மட்டும் வருகிறதா என்பது இரண்டு வாரத்தில் ஓரளவு பிடிபடும்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் விதமும் ஒன்று உண்டு. குறிப்பேடு மெல்ல மெல்லக் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கு ஆதாரமானவை மட்டுமே கண்ணில் படும். அதனால் அவரோடு சுமுகமாகப் போன நாளையும் ஒரு வரி எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் இந்தப் பயிற்சி செய்யாமலே இருப்பது மேல்.

சூழ்நிலையைப் புரிந்துகொள்வது வேறு, 'பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ' என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வது வேறு. காரணம் புரிந்தாலும், நடத்தை உங்கள் வேலையைப் பாதித்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்குத் தலைமைப் பண்புப் பயிற்சிகளில் பரவலாகச் சொல்லித்தரப்படும் வரிசை ஒன்று இருக்கிறது: சூழல், செயல், விளைவு. 'காலையில் நடந்த மீட்டிங்கில், நான் இரண்டாவது பாயின்ட் சொல்லும்போது நீங்கள் இடையில் பேச ஆரம்பித்தீர்கள். கடைசி இரண்டு பாயின்ட் சொல்லாமலே போய்விட்டது. அடுத்த முறை நான் முடித்ததும் உங்கள் கேள்வியைக் கேட்க முடியுமா?' அவ்வளவுதான். அவரைத் தனியாகப் பார்த்து, அன்றோ மறுநாளோ, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பித்தால், எப்பவும் அப்படி இல்லை என்று நிரூபிக்க அவர் நாலு உதாரணம் எடுப்பார், பேச்சு அங்கேயே தடம் புரளும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்பத்தான் பலர் 'பரவாயில்லை, விடுங்க' என்று தாங்கள் சொன்னதைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். அவர் பதிலுக்கு உங்கள் மேல் ஒரு குறை சொன்னால், 'அதையும் பேசலாம், முதலில் இதை முடித்துக்கொள்வோம்' என்றால் போதும்.

எல்லா ஆட்களுக்கும் ஒரே மருந்து செல்லாது. ஓயாமல் புலம்புகிறவருக்கு ஆறுதலும் அறிவுரையும் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். 'இதில் நாம் செய்யக்கூடியது எது?' என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். நுணுக்கமாகக் குறை சொல்கிறவரிடம் முடித்த வேலையைக் கொண்டுபோகாதீர்கள். கால்வாசி முடிந்த நிலையிலேயே காட்டி, 'எதெல்லாம் சரியாக இருந்தால் இதற்கு ஓகே சொல்வீர்கள்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், அவருடைய கூர்மை உங்களுக்கே பயன்படும். உங்கள் வேலையைத் தன் பெயரில் காட்டுகிறவரோடு வாதாட வேண்டாம். வேலை நடக்கும்போதே டீம் முழுவதற்கும் சுருக்கமான முன்னேற்ற மெயில் போட்டுவிடுங்கள். கத்துகிறவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அடங்கவில்லை என்றால், 'பத்து நிமிடம் கழித்து வருகிறேன்' என்று எழுந்துவிட்டு, சொன்னபடி பத்தாவது நிமிடத்தில் திரும்பி வந்துவிடுங்கள். திரும்பி வராவிட்டால் அது வெளிநடப்பாகத்தான் தெரியும்.

மெயிலுக்கும் சாட்டுக்கும் தனி எச்சரிக்கை தேவை. 2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாங்கள் எழுதியது கிண்டலா சீரியஸா என்பதைப் படிப்பவர் சுமார் 78 சதவீத வேளைகளில் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சரியாகக் கண்டுபிடித்தது சுமார் 56 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வந்துவிடும். 'இன்னும் முடியலையா?' என்று ஒரு வரி வந்தால் அதில் நீங்கள் கேட்கிற தொனி பெரும்பாலும் உங்கள் மனதிலிருந்தே வருகிறது. பதில் எழுதும்போது பெறுநர் முகவரியைக் காலியாக விட்டுவிடுங்கள், அவசரத்தில் அனுப்பு பொத்தானைத் தட்டினாலும் போகாது. 'நான்தான் நேற்றே சொன்னேனே' போன்ற வரிகளை எடுத்துவிட்டு மூன்று தகவல் மட்டும் வையுங்கள்: 'இரண்டு பகுதி முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு உங்கள் டீமிலிருந்து டேட்டா வர வேண்டும். மதியம் கிடைத்தால் மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்.' அதே மெயில் தொடரில் மூன்றாவது முறையும் காரமாகப் பதில் போட வேண்டி வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, புலம்பித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும் என்ற நம்பிக்கை. பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கேன்டீனில் அதே கதையை நாலு பேரிடம் சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. போதாததற்கு அந்தப் பேச்சு எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும். நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு முறை சொல்லுங்கள், 'அடுத்து நான் செய்யப்போவது இது' என்று முடியுங்கள்.

அந்த நபர் உங்கள் மேனேஜராக இருந்தால் அதிகாரம் ஒரே பக்கம் இருக்கிறது, அதனால் பேச்சின் வடிவம் மாற வேண்டும். 'ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்' என்பதைவிட, 'சார், என்னிடம் இப்போது மூன்று வேலை இருக்கிறது. எது முதலில் வேண்டும் என்று சொன்னால் மற்ற இரண்டின் தேதியை மாற்றிக்கொள்கிறேன்' என்பது எடுபடும்.

மேலே சொன்னதெல்லாம் எரிச்சலூட்டும் நடத்தைக்கு மட்டும்தான். மிரட்டல், திரும்பத் திரும்ப இழிவுபடுத்துவது, பாலியல் சீண்டல் ஆகியவற்றை மனநிலையால் சமாளிக்கச் சொல்வது பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடுவது. பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-ஆம் எண் உடன்படிக்கையையே கொண்டுவந்திருக்கிறது. நடந்த அன்றே தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, யார் உடன் இருந்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும், 'இன்று உங்களிடம் தெரிவித்தபடி' என்று தொடங்கி அன்றே ஹெச்.ஆர்.-க்கு ஒரு மெயில் அனுப்பி, பதில் எப்போது கிடைக்கும் என்று அதிலேயே கேட்டுவிடுங்கள்.