மீதிக் கணக்கு: கேட்ட கேள்விகளும் பதில்களும்

குரூப் 4 தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். அதில் மீதி, வகுபடும் தன்மை, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், மீதிக் கணக்குக்கு மட்டும் பதினைந்து ஷார்ட்கட் எழுதி வைத்திருக்கிறேன். ஹாலில் உட்கார்ந்ததும் எது எதற்கு என்று குழம்பிவிடுகிறது.

அந்த நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் தம்பி. எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி. இது ஒன்று போதும். எண்ணிலிருந்து மீதியைக் கழித்துவிட்டால் அது சரியாக வகுபடும். உங்கள் ஷார்ட்கட்டில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவைதான்.

50, 98, 170 மூன்றையும் வகுத்து ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண் எது என்று கேட்டால், மீதி என்னவென்று நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்த மீதி தானாகவே போய்விடும். 98 − 50 = 48, 170 − 98 = 72. இரண்டின் மீ.பெ.கா. 24. சரிபார்த்தால் மூன்றுக்கும் மீதி 2.

4, 6, 9 ஆகியவற்றால் வகுத்தால் முறையே 3, 5, 8 மீதி வரும் சிறிய எண்? மீதிகள் வேறுவேறாக இருக்கிறதே, எங்கே தொடங்குவது?

மீதியைப் பார்க்காமல், முழுதாக எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 4-க்கு 1 குறைகிறது, 6-க்கும் 1, 9-க்கும் 1. அப்படியென்றால் ஒன்று கூட்டினால் மூன்றாலும் வகுபடும். மீ.சி.ம. 36, விடை 35.

5, 6, 8-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் மிகச்சிறிய எண் 123 என்று போட்டேன். நண்பன் 3 என்கிறான். யார் சொல்வது சரி?

நண்பர் சொல்வதுதான். 3-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 3. கேள்வியில் “மூன்றிலக்க எண்” என்று இருந்தால் 123. அந்த ஒரு சொல்லுக்காகக் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள்.

குறைவதும் ஒரே அளவாக இல்லாவிட்டால் என்ன செய்வது, ஐயா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணித அறிஞர் முதலாம் பாஸ்கரர் கி.பி. 629-ல், ஆரியபடரின் நூலான ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் ஒரு கணக்கு வருகிறது: 8-ஆல் வகுத்தால் 5, 9-ஆல் வகுத்தால் 4, 7-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண் எது? ஆரியபடர் இதற்குச் சொன்ன முறைக்குக் குட்டகம் என்று பெயர். தேர்வு ஹாலில் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பெரிய எண்ணில் தொடங்குங்கள். 9-ஆல் வகுத்து 4 மீதி வருபவை 4, 13, 22... இவற்றில் 8-ஆல் வகுத்தால் 5 வருவது 13. இனி 9-களாக ஏற வேண்டாம், 8 × 9 = 72 என்று தாவலாம். அடுத்தது 85. 7 × 12 = 84, மீதி 1. முடிந்தது! இத்தனை நூற்றாண்டு கழித்தும் அதே கணக்கு நம் வினாத்தாளுக்குப் பொருந்துவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

5க31ப என்ற ஐந்திலக்க எண் 72-ஆல் வகுபடும். க, ப என்ன?

72-ஐ 8, 9 என்று பிரியுங்கள். 6, 12 என்று பிரித்தால் தவறு, அவற்றுக்குப் பொதுக் காரணி இருக்கிறது. 36-ஐப் பாருங்கள்: 6-ஆலும் 12-ஆலும் வகுபடும், 72-ஆல் வகுபடாது.

கடைசி மூன்று இலக்கங்கள் 8-ஆல் வகுபட வேண்டும். 31ப என்பதில் 312 மட்டும்தான் பொருந்தும், ப = 2. இலக்கங்களின் கூடுதல் 11 + க; அது 9-ன் மடங்காக வேண்டும், ஆகவே க = 7. எண் 57312.

2-ன் அடுக்கு 50-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி? இவ்வளவு பெரிய எண்ணை எப்படி வகுப்பது?

வகுக்கவே வேண்டாம் தங்கச்சி. மீதி 1 வரும் அடுக்கைத் தேடுங்கள். 2-ன் அடுக்கு 3 என்பது 8. 7-ஆல் வகுத்தால் மீதி 1. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான். 50-ல் 48 அடுக்குகள் (3 × 16) இப்படிக் கழிந்துவிடும். மிச்சம் 2-ன் அடுக்கு 2, அதாவது 4. விடை 4.

ஓர் எண்ணை 299-ஆல் வகுத்தால் மீதி 31. அதையே 13-ஆல் வகுத்தால்? 31-ஐ 13-ஆல் வகுத்தால் போதும் என்கிறார்கள், எப்போதுமா?

எப்போதும் இல்லை. 299 = 13 × 23 என்பதால்தான் இங்கே சரியாகிறது, விடை 5. அதே கேள்வியில் 13-க்குப் பதில் 12 இருந்தால் 31-க்கு மீதி 7, 299-ஆல் வகுத்தால் அதே 31 மீதி தரும் அடுத்த எண் 330-க்கு மீதி 6. அப்போது “கண்டறிய இயலாது” என்பதைத் தயங்காமல் குறியுங்கள்.