ஊரில் இருக்கும் பெற்றோருக்குச் செயலி வழியே சாப்பாடு

கேள்வி: மதுரையில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இங்கிருந்தே சாப்பாடு ஆர்டர் செய்ய நினைக்கிறேன். "விலை அதிகம், எந்த அடுப்படியில் செய்தானோ" என்று அப்பா மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அப்பாவின் இரண்டு சந்தேகமும் நியாயமானவை. செயலி நிறுவனம் உணவகத்திடம் கமிஷன் வாங்குவதால், பல கடைகள் செயலியில் விலையை ஏற்றிப் போடுகின்றன. அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, செயலி நிறுவனம் வாங்கும் தளக் கட்டணம், சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டி. நான்கு இட்லிக்கு இது கட்டுப்படியாகாது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

சுத்தம் பற்றி: செயலியில் உணவகப் பக்கத்தின் அடியில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கும். அது இல்லாத கடை வேண்டாம். ஆனாலும் உரிமம் ருசிக்கு உத்தரவாதம் இல்லை. அப்பா நேரில் சாப்பிட்டுப் பழகிய கடையிலிருந்தே தொடங்குங்கள். பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும்.

தோசை, பூரி தவிருங்கள். மூடிய டப்பாவுக்குள் ஆவி அடைபட்டுத் தொளதொளத்துவிடும். இட்லி, இடியாப்பம், பொங்கல் தாங்கும்.

வரைபடத்தில் குறியை வீட்டு வாசலிலேயே வையுங்கள். தொடர்பு எண் அம்மாவுடையதாக இருக்கட்டும். இங்கே காலை 10.30 என்றால் அங்கே 8 மணி. பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வங்கி ஓடிபி, யுபிஐ ரகசிய எண் (PIN) யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். உணவு கெட்டு வந்தால் உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் செயலியில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் அவர்கள் அங்கிருந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.