மட்டக்குதிரை பிட்டை வாயில் வாங்க மறுக்கிறதா? முதலில் பல்லைப் பாருங்கள்

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் மகளுக்காக ஒரு பெண் மட்டக்குதிரை வாங்கினோம். நாலு வயது, சவாரிக்குத் தயார் என்று தரகர் சொன்னார். பெங்களூரை அடுத்த சர்ஜாபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் வைத்திருக்கிறோம். தலைக்கயிறு போட்டால் சாதுவாகக் கூடவே நடந்து வருகிறது. கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பான பிட்டைக் கண்டால் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு பல்லை இறுக்கிவிடுகிறது. 'ராத்திரி முழுக்க வாயில் கட்டிப் போட்டால் காலையில் வழிக்கு வந்துவிடும்' என்கிறார் குதிரைக்காரர். பயிற்சி கொடுக்க வந்த இன்னொருவரோ, 'முரட்டு வாய், முள் வைத்த கடிவாளம் போட்டால் பத்து நாளில் முடித்துத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால், போனது போகட்டும் என்று அந்த ஆளை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. கயிற்றில் சாதுவாக வருகிற குதிரை பிட்டுக்கு மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கோளாறு அதன் குணத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. ஒன்று வலி, அல்லது பொருத்தமில்லாத இரும்பு, அல்லது யாரோ அவசரப்பட்டு உண்டாக்கிய பயம். 'முரட்டு வாய்' என்று பிறவியிலேயே ஒன்று கிடையாது. அது கடிவாளம் விற்பவரும் பத்து நாள் பயிற்சிக்காரரும் கிளப்பிவிட்ட பேச்சு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், தாராளமாகப் பாருங்கள். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பக்கவாட்டில் நின்று உதட்டை மட்டும் விலக்குங்கள். மேலே ஆறு, கீழே ஆறு முன்பற்கள் தெரியும். பால்பல் சிறியது, வெள்ளையானது, ஈறோடு சேரும் இடத்தில் ஒடுங்கியிருக்கும். நிலைத்த பல் பெரியது, சற்று மஞ்சள், அகலமாக இறங்கும். நடு ஜோடி சுமார் 2½ வயதில் மாறும், அதை அடுத்த ஜோடி 3½ வயதில், ஓரத்து ஜோடி 4½ வயதில். நடு ஜோடி மட்டும் பெரிதாக இருந்து மற்றவை எல்லாம் பால்பல்லாக இருந்தால், தரகர் சொன்ன 'நாலு வயது' பொய். அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் சுழி பார்த்து விலை பேசுகிறார்கள். எந்தச் சுழி எங்கே இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அரை மணி நேரம் விளக்குகிற தரகர், வாங்குகிறவரை வாய்ப்பக்கம் அண்டவிடுவதில்லை. சுழி குதிரைக்கு வலிக்காது, பல் வலிக்கும்.

வயது ஏன் முக்கியம்? முன்பற்கள் மாறும் அதே ஆண்டுகளில்தான் உள்ளே கடைவாய்ப் பற்களும் மாறுகின்றன. முதல் கடைவாய்ப் பல் சுமார் 2½ வயதில் விழும், அடுத்தது 3 வயதில், மூன்றாவது 4 வயதை ஒட்டி. அந்தச் சமயத்தில் ஈறு வீங்கி நோகும். இதுபோக, மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பயறு அளவில் ஒரு சின்னப் பல் பல குதிரைகளுக்கு இருக்கும். வுல்ஃப் டீத் என்பார்கள். மெல்லுவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பிட் இழுபட்டு மோதுவது அந்த இடத்தில்தான். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு எடுத்துவிட்டு, புண் ஆற இரண்டு மூன்று வாரம் விட்டால் அந்தத் தொல்லை முடிந்தது. லாயத்து ஆட்கள் இடுக்கியால் பிடுங்கித் தருகிறேன் என்று வருவார்கள், விடாதீர்கள். வேர் உடைந்து ஈறுக்குள் நின்றுவிட்டால் அது காலத்துக்கும் குத்தும்.

இந்தப் பரிசோதனைக்கு மருத்துவர் கிடைப்பதுதான் பெரும்பாடு என்று எனக்குத் தெரியும். ரேஸ் குதிரைகளுக்கு இந்த ஊரில் நல்ல மருத்துவர்கள் உண்டு. தோட்டத்தில் நிற்கும் ஒற்றை மட்டக்குதிரைக்கு அவர்களை வரவழைப்பது லேசில்லை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் நாய்க்கும் பார்ப்பார்கள், குதிரையின் வாயைத் திறந்து பிடிக்கும் கருவியே பெரும்பாலும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் நீங்கள் சொன்ன பத்து நாள் ஆசாமி நுழைகிறார். குதிரைப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட இங்கே எந்த உரிமமும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் ஒரு சாட்டையோடு வரலாம். வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அந்த முள் கடிவாளம் சட்டப்படியே குற்றம். சவாரிக்கோ வண்டிக்கோ முள்ளும் புடைப்பும் உள்ள பிட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 1965 ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனாலும் ஊர் ஊராக விற்கிறார்கள். 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், வதைக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பிளேட் பிரியாணிக்குக் கூடக் காணாத தண்டனை. யார் பயப்படுவார்கள்? முள் போட்டால் குதிரை பத்து நாளில் நிற்கும் என்பது உண்மைதான். நாக்கு கிழியும் பயத்தில் நிற்கும். பிறகு புண் காய்த்து மரத்துப்போகும், இன்னும் பெரிய முள் கேட்கும். அப்போது அந்த ஆள் ஊரில் இருக்க மாட்டார்.

சரி, பல் பார்த்தாயிற்று, வலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பிட். மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் 4½ அங்குலம் போதும். கடையிலோ ஆன்லைனிலோ பெரிய குதிரைக்கான 5, 5½ அங்குலத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு நூலை வாய்க்குள் விட்டு ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை அளந்து, பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர்போல் கூட்டிக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் பிட் பக்கவாட்டில் நழுவும், நடு மூட்டு தொங்கி நாக்கை நசுக்கும். வளையம் அசையாமல் இணைந்த முட்டை வடிவப் பக்கம் கொண்டது நல்லது, கடைவாயைக் கிள்ளாது. வாய்க்குள் போகும் பகுதி மூட்டில்லாமல் லேசாக வளைந்தோ, இரண்டு மூட்டோடோ இருக்கலாம். நம் ஊரில் கிடைக்கும் பிட்டுகளில் பல கான்பூரில் செய்தவை. அங்கே நல்ல சரக்கும் உண்டு, மட்டமானதும் உண்டு. வாங்குமுன் ஒரு மெல்லிய துப்பட்டாவை அதன்மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நூல் எங்காவது மாட்டினால் அந்த இடம் நாக்கையும் அறுக்கும்.

இனி பழக்கம். பிட்டைக் கொஞ்ச நாள் கண்ணிலேயே காட்டாதீர்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத வெறும் ஈறு இருக்கிறது. கடைவாய் ஓரமாகக் கட்டைவிரலை அங்கே விட்டு மெல்ல அழுத்துங்கள். வாய் தானாகத் திறக்கும். திறந்த நொடியே விரலை எடுத்துவிடுங்கள், கழுத்தைத் தட்டிக்கொடுங்கள். 'வாயைத் திறந்தால் தொல்லை போய்விடுகிறது' என்று அது புரிந்துகொள்ள வேண்டும். விரலுக்கு மறுப்பில்லாமல் திறக்கும்போது வெல்லப்பாகு தடவிய பிட்டை அதே இடத்தில் காட்டலாம். மார்கழி, தை மாதப் பெங்களூருக் காலையில் இரும்பு ஐஸாக இருக்கும், கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து வாரைக் கழற்றி வைத்து, பிட் வாய்க்குள் போன பிறகு மாட்டினால் காதைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. லகான் வேண்டாம், மூக்குப்பட்டை வேண்டாம். பத்து நிமிடம் போதும். மென்று விளையாடட்டும்.

பலரும் கோட்டைவிடுவது கழற்றும்போதுதான். வாரைத் தளர்த்திவிட்டு, அதுவாக வாயைத் திறந்து பிட்டை விடும்வரை காத்திருங்கள். வெடுக்கென்று உருவினால் இரும்பு முன்பல்லில் டங்கென்று மோதும். அடுத்த நாள் தலை வானத்தைப் பார்க்கும். அப்புறம் ஒன்று: பிட் வாயில் இருக்கும்போது அதில் கயிறு கட்டித் தூணில் கட்டவே கூடாது. குதிரைக்காரரின் 'ராத்திரி முழுக்க' வைத்தியத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். எதிலாவது மாட்டி மிரண்டு இழுத்தால் நாக்கு போகும், தாடையெலும்பும் போகலாம்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தியூரில் வாங்கினேன் என்கிறீர்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சந்தைக்கு வரும் இளம் குதிரைகள் எல்லாமே புதுசு அல்ல. பந்தய வண்டியிலோ ஜட்காவிலோ ஏற்கெனவே பூட்டி, முள் போட்டு ஓட்டி, வாய் கெட்ட பிறகு 'புதுக்குட்டி' என்று விற்பதுண்டு. கடைவாய் ஓரத்தில் முடியில்லாத தழும்போ வெள்ளை முடியோ இருக்கிறதா பாருங்கள். பல்லில்லாத ஈறை விரலால் தடவுங்கள், வழுவழுப்பாக இருக்க வேண்டும். முடிச்சு தட்டுப்பட்டாலோ, அந்த ஒரு இடத்தில் மட்டும் துள்ளினாலோ பழைய காயம். நாக்கில் குறுக்கே வெட்டுத் தழும்பு, நெஞ்சிலும் தோளிலும் வார் உரசிய வெள்ளைத் திட்டு, இவையும் சாட்சி. அப்படிப்பட்ட குதிரைக்கு மேலே சொன்ன வெல்ல வித்தை பலிக்காது. இனிப்பை நக்கும், இரும்பு பட்டதும் பின்னால் பாயும். அதற்கு மாதக்கணக்கில் பிட்டே வேண்டாம். மூக்குக்கு மேல் பட்டையிலிருந்து லகான் போகும் பிட் இல்லாத கடிவாளத்தில் நடத்துங்கள், திருப்புங்கள், நிறுத்துங்கள். உங்கள் மகள் விளையாட்டுக்குச் சவாரி செய்வதானால் கடைசிவரை அதுவே போதும். டிரெஸ்ஸாஜ் என்னும், குதிரையின் நடையழகைப் பார்க்கும் போட்டிக்குத்தான் பெரும்பாலும் பிட் கட்டாயம், தடை தாண்டும் போட்டிகளில் பிட் இல்லாமலும் அனுமதிக்கிறார்கள். என்றாவது பிட்டுக்குத் திரும்புவதானால் மூட்டில்லாத, ரப்பர் போன்ற மெத்தென்ற ஒன்றில் தொடங்குங்கள். பழைய பயம் எந்த நாளிலும் திரும்ப வரலாம். அதனால் முதல் சவாரிகளில் குழந்தை மேலே இருக்கக் கூடாது.

தழும்பு எதுவும் இல்லையென்றால் கவலை வேண்டாம். பிட்டோடு நிம்மதியாக நிற்கப் பழகிய பிறகு லகானை முதலில் தலைக்கயிற்றின் வளையத்தில் மாட்டி, பின்னாலிருந்து நடத்திப் பழக்குங்கள். திரும்பு, நில் இரண்டும் புரிந்த பிறகே லகான் பிட்டுக்கு மாறட்டும். நடு ஜோடிப் பல் மட்டும் மாறியிருந்தால் மகளை ஏற்ற வேண்டாம். முதுகு முற்றவில்லை, உண்மையிலேயே நாலு வயது ஆகட்டும். அதுவரை அவளே விரல் பயிற்சியைச் செய்யலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

சர்ஜாபுரம் பக்கம் உங்களைப் போல ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களை விசாரித்து, நாலைந்து குதிரைகளுக்கு ஒரே நாளில் மருத்துவரை அழையுங்கள். செலவும் பங்காகும், அவருக்கும் அவ்வளவு தூரம் வரக் கட்டுப்படியாகும். ஹெப்பாளில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். போனிலேயே, 'வாயைத் திறந்து பிடிக்கும் கருவி கொண்டுவருவீர்களா, மயக்க ஊசி போடுவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். டார்ச் அடித்து முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தச் செலவு வேண்டாம்.