முழங்காலில் நின்று சொன்னது

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. நாற்பது வருஷமாகக் கறுப்புச் சட்டைக்காரர். போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் "சாமி இல்லைன்னு பேசினதெல்லாம் தப்பு" என்று அவரைச் சொல்ல வைத்தார்கள். அன்றிலிருந்து பெரியார் திடல் கூட்டத்துக்குக்கூடப் போவதில்லை, வீட்டில் யாரிடமும் பேசுவதும் இல்லை. நாலு பேர் முன்னால் கொள்கையைத் துறக்கச் சொல்வது எங்கிருந்து வந்த வழக்கம்? அதற்கு என்ன அர்த்தம்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது அம்மா. வழக்கம் ரொம்பப் பழையது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசர் டீசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டார். கிறிஸ்தவர்களுக்கு அது விசுவாசத்தையே கைவிடுவதாகும். பலியிட்டவர்களுக்குச் சான்றிதழ் உண்டு, எகிப்தில் பாப்பிரஸ் தாளில் அவை நிறையக் கிடைத்திருக்கின்றன. அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டேன், படையலைச் சுவைத்தேன் என்று அதில் எழுதியிருக்கும். அந்த 'முன்னிலையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள், உள்ளே என்ன நினைக்கிறாய் என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை.

கலிலியோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1633 ஜூன் 22, ரோம், கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றம். அவருக்கு 69 வயது, உங்கள் மாமனாரைவிட இரண்டு வயது குறைவு. முழங்காலில் நிற்க வைத்து, சுவிசேஷப் புத்தகத்தைத் தொடச் சொல்லி, முன்கூட்டியே எழுதி வைத்ததை வாசிக்கச் சொன்னார்கள். பூமி சுற்றுகிறது என்ற கருத்தைச் சபித்து வெறுக்கிறேன் என்றார், அதோடு விடாமல், இப்படிப் பேசுகிற வேறு யாரையாவது கண்டால் காட்டிக் கொடுப்பேன் என்றும் சத்தியம் செய்ய வைத்தார்கள். எழுந்திருக்கும்போது "ஆனாலும் அது சுற்றுகிறது" என்று முணுமுணுத்தார் என்பார்களே, அதற்கு அந்தக் காலத்துச் சாட்சி எதுவும் இல்லை, அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பிறகுதான் அது அச்சில் வந்தது. எனக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. ஒன்றும் முணுமுணுக்காமல் வீட்டுக்காவலுக்குப் போன கிழவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

தானாக விடுவது வேறு. அம்பேத்கர் 1935-ல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. நடுவில் 21 வருஷம், யோசிக்க, படிக்க, ஊர் ஊராகப் பேச. உங்கள் மாமனாருக்கு யோசிக்க ஐந்து நிமிஷமாவது கொடுத்தார்களா?

சொல்ல வைத்தது செல்லுமா என்றால், நம் பாரிமுனை உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனை, அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, நாமக்கல்லில் சமரசப் பேச்சு என்று கூப்பிட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்துவிட்டு ஒதுங்கிவிட்டார். 2016 ஜூலையில் வந்த தீர்ப்பு, அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் எழுதட்டும் என்றது. அப்புறம் அவர் எழுத வந்தார்.

நாளைக் காலையில் காபி கொடுக்கும்போது, "மாமா, அன்னைக்கு உங்களை அப்படிச் சொல்ல வெச்சப்போ நாங்க யாரும் ஒரு வார்த்தை பேசலை, அது எங்க தப்பு" என்று சொல்லுங்கள். அவர் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கறுப்புச் சட்டைகள் எங்கே என்று பாருங்கள். பரணுக்குப் போயிருந்தால் இறக்கி, துவைத்துத் தேய்த்து, அவர் கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டி வையுங்கள்.