ஹனுக்காவும் யோவான் பத்தாம் அதிகாரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன டிசம்பரில் எங்கள் சபையில் ஒன்பது கிளை விளக்கு ஏற்றினார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகையை இயேசுவே கொண்டாடினார், யோவான் 10:22-இல் இருக்கிறது என்றார் போதகர். இதன் கதை வரும் மக்கபேயர் நூல்கள் நம் வேதாகமத்திலேயே இல்லை, அப்புறம் எதற்கு இது என்கிறார் அப்பா. கிறிஸ்தவர்கள் இந்தப் பண்டிகையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

யோவான் சொல்வது இவ்வளவுதான்: எருசலேமில் பிரதிஷ்டைப் பண்டிகை (ஹனுக்காதான்), மாரிகாலம், இயேசு சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார். விளக்கு ஏற்றியதாக இல்லை. ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதைகூட மக்கபேயர் நூல்களில் கிடையாது. பல நூற்றாண்டு கழித்து, யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில்தான் வருகிறது.

கி.மு. 167-இல் சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு, எருசலேம் பலிபீடத்தின்மேல் ஜீயஸுக்குப் பீடம் எழுப்பினான். ஓய்வுநாளுக்கும் விருத்தசேதனத்துக்கும் தடை. மோதயின் ஊர் ஆசாரியர் மத்தத்தியாவும் மகன்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். கி.மு. 164-இல் மகன் யூதா மக்கபே ஆலயத்தை மீட்டுப் புதுப் பலிபீடம் பிரதிஷ்டை செய்தார். எட்டு நாள் கொண்டாடினார்கள்.

அந்த அரசன் தன் நாணயங்களில் ‘வெளிப்பட்ட தெய்வம்’ என்று பொறித்துக்கொண்டவன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தன்னைத் தெய்வம் என்றவனிடமிருந்து மீண்டதைக் கொண்டாடும் நாட்களில், அதே ஆலயத்தில் நின்று “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்கிறார் இயேசு. கேட்ட யூதர்கள் கல்லெடுக்காமல் என்ன செய்வார்கள்? “நீ மனுஷனாயிருக்க, உன்னைத் தேவன் என்று சொல்லி” என்று காரணமும் சொல்கிறார்கள். நம் பிரசங்கங்களில் அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர்கள் கோபத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 200 வருஷ ஞாபகம் இருக்கிறது. பதிலில் இயேசு தன்னைப் பிதாவினால் பரிசுத்தமாக்கப்பட்டு அனுப்பப்பட்டவர் என்கிறார். பலிபீடம் பரிசுத்தமான பண்டிகையில் இதைச் சொல்கிறார். யோவான் பண்டிகையின் பெயரைச் சும்மா எழுதிவைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தீட்டுப்பட்ட பழைய பலிபீடக் கற்களை என்ன செய்வதென்று மக்கபேயருக்குத் தெரியவில்லை. தீர்க்கதரிசி ஒருவர் வந்து சொல்லட்டும் என்று ஆலய மலையில் ஒதுக்கி வைத்தார்கள் (1 மக்கபேயர் 4:46). “நீர் கிறிஸ்துவானால் எங்களுக்குத் தெளிவாய்ச் சொல்லும்” என்று சாலொமோன் மண்டபத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்பதை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

சபையில் விளக்கு ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்தவ ஐரோப்பாவில் அந்த விளக்கை வெளியே தெரியும்படி வைக்கப் பயந்த யூதக் குடும்பங்கள் எத்தனையோ. யூத நண்பர் வீட்டுக்கு அழைத்தால் தாராளமாகப் போகலாம். நாமே எடுத்து அலங்காரமாக வைத்துக்கொள்வது வேறு.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. எபிரெயர் 11:35-இல் விடுதலைபெறச் சம்மதியாமல் வாதிக்கப்பட்டவர்கள் வருகிறார்களே, அது மக்கபேயர் காலத்துத் தாயையும் ஏழு மகன்களையும் குறிக்கிறது என்பதுதான் உரையாசிரியர்கள் பலரின் கருத்து. தெரிந்த கத்தோலிக்க வீட்டில் திருவிவிலியம் வாங்கி 2 மக்கபேயர் 7-ஐ அவரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.