ஹிட்ஸ் தொகுப்பு என்றால் மட்டமா?

வணக்கம் சார்,

அமெரிக்கக் கறுப்பினரின் ப்ளூஸ் இசையைக் கேட்டுப் பழகலாம் என்று, பாடகரும் கிதார் கலைஞருமான மடி வாட்டர்ஸின் ஹிட்ஸ் தொகுப்பு 'தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்' வாங்கினேன். இசையில் ஊறிய நண்பன் ஒருவன், "ஹிட்ஸ் தொகுப்பெல்லாம் சோம்பேறிகளுக்கு, முழு ஆல்பமாகக் கேள்" என்கிறான். அப்படியா? இன்னொன்று, முதல் பாட்டில் ஒரு பட்டாளமே வாசிக்கிறது. கடைசிப் பாட்டில் ஆளே இல்லை. ஏன் இப்படி?

க.

அன்புள்ள க.,

1958-க்கு முன்னால் வந்த மடி வாட்டர்ஸ் ஆல்பம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் நண்பரிடம். கிடையாது. சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனம் அந்த வருஷம் போட்ட இந்தத் தொகுப்புதான் அவருடைய முதல் எல்.பி. (பல பாட்டுகள் கொள்ளும் பெரிய இசைத்தட்டு). இதிலுள்ள 12 பாட்டும் அதற்கு முன் பக்கத்துக்கு ஒரு பாட்டாகத் தனித்தட்டுகளில் விற்றவை. மதுக்கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டவை. மூன்று நிமிஷத்துக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். எந்த ஆல்பத்திலிருந்தும் பிய்த்தெடுத்தவை அல்ல.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவாரசியம். தட்டு 1954-இல் பதிவான பாட்டில் தொடங்கி 1948-இல் பதிவானதில் முடிகிறது. வருஷ வரிசைப்படி கேட்டுப் பாருங்கள். 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' 1948. மிசிசிப்பி பருத்தித் தோட்டத்திலிருந்து 1943-இல் சிகாகோ வந்தவர், ஊரில் வாசித்த ஸ்லைடை (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது) மின்சார கிதாரில் இழைக்கிறார். துணைக்கு பிக் கிராஃபோர்டின் பேஸ் (கீழ்ஸ்தாயிக் கம்பி வாத்தியம்) மட்டும். 1950-இல் 'ரோலின் ஸ்டோன்', அதில் பேஸும் இல்லை. ஒரு வரி பாடிவிட்டு கிதாரைப் பேசவிட்டு, அப்புறம் சாவகாசமாக அடுத்த வரிக்கு வருவார். இந்தத் தட்டிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். (பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ் பேர் வைத்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.)

1951-இல் 'ஷி மூவ்ஸ் மீ'. லிட்டில் வால்டரின் ஹார்மோனிகா சேர்ந்துவிட்டது. டிரம் அடிப்பது யார் தெரியுமா? முதலாளி லெனர்ட் செஸ்! அடி கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

1954-இல் 'ஹூச்சி கூச்சி மேன்'. வில்லி டிக்ஸன் எழுதியது, பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான். குழு மொத்தமும் ஒரு அடி அடித்து நிறுத்த, அந்த இடைவெளியில் மடி பாடுகிறார். கிதாருக்காக வந்தவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாறலாம். ஸ்லைடு ஒதுங்கிவிட்டது, முன்னால் நிற்பது குரல்.

இதெல்லாம் பழகியபின் அவர் 1960-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் செய்த கச்சேரியின் பதிவுக்குப் போங்கள். அது முழு ஆல்பம்தான், நண்பருக்கும் ஆட்சேபம் இருக்காது.